வண்டிக்கடைக்கு இரண்டு வழி கரண்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தைப்பூசத்துக்குக் கடை போடுகிறவர்கள் இப்போதே தயாராகிறார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டிக்கடை வயரிங் பற்றியவை. பள்ளத்தூர்க் கடிதத்துக்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். ஜெனரேட்டரிலும் வீட்டு கரண்டிலும் மாற்றி மாற்றி ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் அதைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, பள்ளத்தூரில் வெள்ளைப் பணியாரமும் மசாலா சீயமும் போட்டு விற்கிறேன். காரைக்குடிப் பட்டறை ஒன்றில் பத்தடி நீளத்தில் இரும்புக் கூண்டு வண்டி செய்து வாங்கினோம். வீட்டுப் பின்வாசலில் நிற்கும்போது வீட்டு கரண்ட், திருவிழாவுக்குப் போனால் ஜெனரேட்டர். வயரிங் செய்த தம்பி வண்டியின் வெளிப்பக்கம் ஒரு 16 ஆம்ப் சாக்கெட் வைத்து, இரண்டு முனையிலும் த்ரீ பின் டாப் மாட்டிய வயர் ஒன்று கொடுத்தார். ஒரு தலையை வண்டியில் செருக வேண்டும், மறு தலையை வீட்டிலோ ஜெனரேட்டரிலோ செருக வேண்டும். கரண்ட் போனால் இதே வயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகி வீட்டு விளக்கையும் எரிய வைக்கலாம் என்றார். போன மழையில் பணியாரம் வாங்க வந்தவர் எவர்சில்வர் மேடையில் கை வைத்ததும் சுள்ளென்று அடித்துவிட்டது. ஆனால் ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு நாளும் அடித்ததில்லை. அப்படியானால் கோளாறு வீட்டு கரண்டிலா? ஜெனரேட்டர்தான் பாதுகாப்பா? கரண்ட் கசிந்தால் தானாக அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஜெனரேட்டரில் அது வேலை செய்யாது, வீண் செலவு என்கிறார். — ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: அம்மா, அந்த இரண்டு தலை வயரை இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அதன் ஒரு தலையை வீட்டில் செருகிய உடனே மறு தலையின் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் வந்து நிற்கும். கை தவறிப் பிடித்தாலும், ஈரத் தரையில் போட்டாலும், பிள்ளைகள் எடுத்தாலும் உயிர் போகும். கரண்ட் கொடுக்கிற பக்கம் எப்போதும் ஓட்டை, வாங்குகிற பக்கம் எப்போதும் பின். இந்த விதிக்கு எந்த இடத்திலும் விலக்கு கிடையாது. அதனால் உங்கள் வண்டியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டியது சாக்கெட் கிடையாது. பின்கள் உள்ளடங்கி, மேலே மூடி வைத்து வரும் இன்லெட் என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. 'இண்டஸ்ட்ரியல் பிளக், 230 வோல்ட், நீலக் கலர், மூணு பின்' என்று கேளுங்கள். 16 ஆம்ப்பிலும் 32 ஆம்ப்பிலும் வரும், உங்களுக்கு 16 போதும். தண்ணீர் தெறித்தால் தாங்கக்கூடியதாக, ஐ.பி.44 என்று போட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தத் தம்பி சொன்ன இரண்டாவது யோசனை இதைவிட மோசம். ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகினால் அந்தக் கரண்ட் உங்கள் வீட்டு விளக்கோடு நிற்காது. மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்துக்குப் போகும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். மேலே 11,000 வோல்ட்டை வாங்கிக் கீழே வீட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் அதே டிரான்ஸ்பார்மர், கீழேயிருந்து கொடுத்தால் மேலே ஏற்றிவிடும். லைன் கட் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கரண்ட் திரும்பி வரும் நேரத்தில் உங்கள் ஜெனரேட்டரும் எரிந்து போகும். வீட்டுக்கும் ஜெனரேட்டர் வேண்டுமென்றால் மீட்டர் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற டபுள் போல் சுவிட்சாக இருக்க வேண்டும்.

வண்டிக்கு அந்தச் சுவிட்ச்கூட வேண்டாம். ஒரே ஒரு இன்லெட் இருக்கட்டும். அதில் ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் செருக முடியும், ஆகையால் வீட்டு கரண்டும் ஜெனரேட்டரும் சந்திக்கவே வழியில்லை. இரண்டு வழிக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஷாக் விஷயத்துக்கு வருவோம். வீட்டு கரண்டில் அடிக்கிறது, ஜெனரேட்டரில் அடிக்கவில்லை, அதனால் ஜெனரேட்டர் நல்லது என்று நினைக்கிறீர்கள். கோளாறு இரண்டிலும் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. கூண்டுக்குள் எங்கோ ஃபேஸ் வயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், இல்லை ஃபிரிட்ஜ் கசியலாம். வண்டி உடம்பு முழுக்க அந்தக் கரண்ட் ஏறி நிற்கும், தரைக்குப் போக வழியிருக்காது. ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் மேடையைத் தொட்டால் அவர்தான் அந்த வழி. மின்வாரியத்தின் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் அவர் கால் வழியாகப் பூமிக்குள் போன கரண்ட் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிவிடும், வட்டம் முழுமையாகும், ஷாக் அடிக்கும். வீட்டு சாக்கெட்டில் எர்த் உயிரோடு இருந்திருந்தால் கசிந்த கரண்ட் அந்தப் பச்சை வயரில் இறங்கியிருக்கும். அது இறங்காமல் வந்தவர் கையில் அடித்தது என்றால், உங்கள் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, அல்லது வழியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில், மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓட்டிய வயரிங்கில் எர்த்தே இருக்காது. பிற்பாடு யாரோ இரண்டு பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அழகாக மூன்று பின் சாக்கெட் மாட்டியிருப்பார்கள். பார்க்க எர்த் இருப்பது போலத் தெரியும். நடுமுற்றம் வைத்த இப்படிப்பட்ட வளவு வீடுகள் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஜெனரேட்டரில் ஏன் அடிக்கவில்லை? கையில் தூக்கும் சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எதனோடும் கட்டப்படாமல் தனியாக மிதக்கும். கசிந்த கரண்ட் பூமிக்குப் போனாலும் ஜெனரேட்டருக்குத் திரும்ப வழியில்லை, ஆகவே ஓடாது. கேட்க நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் அதே நாளில் தரையில் கிடக்கும் வயரின் நியூட்ரலில் ஒரு கீறல் விழுந்து, அது சேற்றில் கிடக்கிறது என்று வையுங்கள். திரும்பும் வழி கிடைத்துவிட்டது. முதல் கோளாறு வண்டியில் காத்திருக்கிறது, இரண்டாவது கோளாறு சேற்றில் வந்து சேர்ந்துவிட்டது, நடுவில் மேடையில் கை வைத்த ஆளுக்கு 230 வோல்ட்டும் முழுசாகக் கிடைக்கும். முதல் கோளாறு வந்த அன்றே எதுவும் விழவில்லை, யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் இதில் உள்ள பயங்கரம்.

ஆர்.சி.சி.பி. ஜெனரேட்டரில் வேலை செய்யாது என்று அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வருவதற்குள் அறுத்துவிடும். நியூட்ரல் மிதக்கும் ஜெனரேட்டரில் கசிவே ஓடாதபோது வித்தியாசம் எங்கே வரும்? அதனால் அது சும்மா இருக்கும். அதற்காக ஆர்.சி.சி.பி.யை விட்டுவிடக் கூடாது, ஜெனரேட்டரைத்தான் சரி செய்ய வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் உடம்போடு, எர்த் முனையோடு, ஒரு வயரால் கட்ட வேண்டும். வண்டிக்குப் போகும் மூன்று கோர் வயரின் பச்சை அந்த எர்த் முனையில் தொடங்கி வண்டியின் சேஸிஸ் வரை போக வேண்டும். இப்போது வண்டியில் எங்கே கசிந்தாலும் பச்சை வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்பும், ஆர்.சி.சி.பி. விழும். இன்வெர்ட்டர் ரக ஜெனரேட்டராக இருந்தால் இந்த இணைப்பைச் செய்வதற்கு முன்னால் அதன் கையேட்டைப் பாருங்கள், அல்லது விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதில் ஒன்றை எல்லா வயர்மேன்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த நியூட்ரல்-எர்த் இணைப்பு ஜெனரேட்டரில் மட்டுமே இருக்க வேண்டும். வண்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸுக்குள் ஒருபோதும் போடக் கூடாது. ஏனென்றால் வண்டி நாளைக்கு வீட்டு கரண்டில் செருகப்படும். அங்கே நியூட்ரல் ஏற்கனவே டிரான்ஸ்பார்மரில் பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது. வண்டிக்குள்ளும் கட்டியிருந்தால் நியூட்ரலில் போக வேண்டிய கரண்டின் ஒரு பங்கு பச்சையிலும் சேஸிஸிலும் ஓடும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் செருகியதும் விழுந்துகொண்டே இருக்கும். இல்லாத வீட்டில், நியூட்ரல் எங்காவது அறுந்த அன்றைக்கு வண்டி உடம்பே ஃபேஸாகிவிடும். வண்டிக்குள் நியூட்ரல் வயர்கள் சேர ஒரு கட்டை, எர்த் வயர்கள் சேர ஒரு கட்டை, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். எந்த இடத்திலிருந்து கரண்ட் வருகிறதோ அந்த இடத்தில்தான் நியூட்ரலும் எர்த்தும் சேர வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை.

வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்து, விழுந்தது, எல்லாம் சரி என்று கிளம்பிவிடுவார்கள். விடாதீர்கள். அந்தப் பட்டன் பெட்டிக்குள்ளேயே ஃபேஸையும் நியூட்ரலையும் வைத்து ஒரு கசிவைப் போலி செய்கிறது. எர்த் இல்லாத வீட்டிலும் விழும், நியூட்ரல் மிதக்கும் ஜெனரேட்டரிலும் விழும். உங்கள் வண்டி பாதுகாப்பானதா என்பதை அது சொல்லாது, ஆர்.சி.சி.பி. உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உண்மையான சோதனை என்றால் வண்டிக்குள் இருக்கும் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 15 வாட் குண்டு பல்பை வைத்துப் பார்க்க வேண்டும். அது இழுக்கும் கரண்ட் சுமார் 65 மில்லி ஆம்ப். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் சரி. பல்பும் எரியவில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை என்றால் நியூட்ரல் இன்னும் மிதக்கிறது, அல்லது எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பல்பு நின்று எரிந்தால் ஆர்.சி.சி.பி. கெட்டது, அல்லது கசிவு அதன் கண்ணில் படாதபடி வயரிங் போயிருக்கிறது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும். ஆனால் ஜெனரேட்டரில் ஒரு தடவை, வீட்டு கரண்டில் ஒரு தடவை என்று இரண்டிலும் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வண்டியை அதோடு கட்டிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கம்பி அடியுங்கள், நல்லதுதான். அதை மட்டும் நம்பாதீர்கள். நம் செம்பாறை மண் சித்திரை வெயிலில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் அடித்த ஒற்றைக் கம்பியின் எதிர்ப்பு 100 ஓம் இருந்தால், 230 வோல்ட்டுக்கு 2.3 ஆம்ப்தான் அதில் ஓடும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் மட்டும் விழும் 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன லோடு மாதிரித் தெரியும், விழவே விழாது, வண்டி உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். அதே 2.3 ஆம்ப் 30 மில்லி ஆம்ப்பைப் போல எழுபது மடங்குக்கும் மேல், அதனால் ஆர்.சி.சி.பி. உடனே விழும். வறண்ட மண் உள்ள ஊரில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வீட்டுப் பக்கம். பின்வாசலில் வண்டி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைப்பவை. மீட்டர் முகப்பில் இருக்கும். அங்கிருந்து பட்டாசாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசலுக்கு வயர் வர 50 மீட்டர் சாதாரணமாக ஆகிவிடும். இந்தத் தூரத்தில் 2.5 சதுர மி.மீ. செப்பு வயரில் 16 ஆம்ப் ஓடினால் சுமார் 14 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 சதுர மி.மீ. போட்டால் 9 வோல்ட்டுக்குள், 6 போட்டால் 6 வோல்ட்டுக்குள். சாயங்காலம் லைனே குறைந்து வருகிற நேரத்தில் அந்த 14 வோல்ட்டும் போனால் ஃபிரிட்ஜ் மோட்டார் உறுமும், கிளம்பாது, சூடேறும். ஆகையால் பின்கட்டில் இருக்கும் ஏதோ ஒரு பழைய சாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள். மீட்டர் போர்டிலிருந்து தனி லைனாக 4 சதுர மி.மீ. செப்பு வயர் பின்வாசல் வரை, எர்த்தோடு சேர்த்து இழுத்து, அதற்கென்று தனி 16 ஆம்ப் டபுள் போல் எம்.சி.பி. வைத்து, முடிவில் நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட் ஒன்று. வீட்டில் சரியான எர்த் குழி இல்லையென்றால் பின்வாசல் பக்கமே ஒன்று தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கி, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள். அந்தக் குழியின் வயர் மீட்டர் போர்டு எர்த்தோடும் சேர்ந்திருக்க வேண்டும்.

பின்வாசலிலேயே நின்று வியாபாரம் செய்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும். அனுமதித்த உபயோகத்துக்கு மாறாகப் பயன்படுத்தினார்கள் என்று கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பேசி வண்டிக்கென்று வணிக இணைப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பின் தெருக் கம்பத்திலிருந்தே கிடைத்துவிட்டால் அந்த 50 மீட்டர் வயர் செலவும் மிச்சம்.

வண்டிக்குள் வேலை எப்படி இருக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது 32 ஆம்ப் எம்.சி.பி. வைத்திருந்தால் கழற்றுங்கள். 16 ஆம்ப் டாப் மாட்டிய வயருக்கு 32 ஆம்ப் காவல் என்றால், வயர் உருகும் வரை எம்.சி.பி. பார்த்துக்கொண்டிருக்கும். இன்லெட்டிலிருந்து முதலில் 16 ஆம்ப் டபுள் போல் எம்.சி.பி., அப்புறம் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அதன் பிறகு விளக்குக்கு 6 ஆம்ப், சாக்கெட்டுகளுக்கு 16 ஆம்ப் என்று பிரியட்டும். விளக்குக்கு 1.5, சாக்கெட்டுக்கு 2.5 சதுர மி.மீ., எல்லாம் பல இழை செப்பு வயர். ஒற்றைக் கம்பி வயர் ஓடுகிற வண்டிக்கு ஆகாது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வருவதற்குள் எத்தனை வேகத்தடை! ஆடி ஆடி ஒற்றைக் கம்பி முறியும், திருகு தளரும். முனைக்கு முனை லக் வைத்துக் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். தகட்டில் துளையிட்டு வயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் புஷ். கூண்டுத் தகட்டைப் பிடிக்க அடித்த ஸ்குரூ ஒன்று உள்ளே போகும் வயரைக் குத்தியிருக்கலாம். கூண்டு வண்டிகளில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார்.

பச்சை வயர் சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெற்று இரும்பில் போல்ட் போட்டுச் சேர வேண்டும். எவர்சில்வர் மேடை, கேஸ் குழாய், கூரைச் சட்டம் எல்லாம் அதோடு சேரட்டும். பணியாரச் சட்டி வைக்கும் அடுப்புக்குப் பின்சுவரில் வயர் ஓட்டக் கூடாது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும், எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் சூடு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சிலிண்டர் இருக்கும் மூலையில் தரையோடு ஒட்டி சாக்கெட்டோ எம்.சி.பி. பெட்டியோ வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், சுவிட்சில் வரும் ஒரு பொறி அதற்குப் போதும். சாக்கெட் எல்லாம் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். கேஸ் வெளியேறத் தரை மட்டத்தில் சல்லடைத் திறப்பு இருக்கட்டும்.

இந்த வேலை முடியும் வரை வீட்டு கரண்டையும் ஜெனரேட்டரையும் விட்டுவிட்டு, சார்ஜ் விளக்கு வைத்து வியாபாரம் பாருங்கள் அம்மா. பணியாரத்துக்கு கேஸ் போதும்.

கேள்வி: தேவகோட்டையில் இட்லி, தோசை, சட்னி வண்டி போடப் போகிறேன் அண்ணே. ஒரு குதிரைச் சக்தி மாவு கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு. 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமா? — ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கிரைண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள் தம்பி, உங்கள் கணக்கே மாறிவிடும்.

3 கே.வி.ஏ. என்றால் சாதாரணமாக 2,400 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அதிகபட்சம். தொடர்ந்து கொடுக்கக்கூடியது அதைவிடக் குறைவாக, சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும்போது நாலைந்து மடங்கு கேட்கும். கல்லில் மாவு இறுகி நின்றால் இன்னும் கூட. 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரால் 13 ஆம்ப்தான் கொடுக்க முடியும். அந்த நொடியில் வோல்ட்டேஜ் விழும், விளக்கு மங்கும், ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் மோட்டாரும் சேர்ந்து திணறும். கிரைண்டர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்றால் 5 கே.வி.ஏ.க்குப் போங்கள்.

மாவை வீட்டிலேயே ஆட்டிக் கொண்டுபோனால் மிக்சி 750, ஃபிரிட்ஜ் 150, ஃபேனும் விளக்கும் சேர்த்து 150 என்று 1,050 வாட்டில் அடங்கிவிடும். ஃபிரிட்ஜ் கிளம்புகிற இழுப்பையும் சேர்த்துப் பார்த்தால் 3 கே.வி.ஏ. தாராளம். முதலில் ஃபிரிட்ஜைப் போட்டு ஓடவிட்டு, அப்புறம் மிக்சியைப் போடுங்கள். கூட்ட நேரத்தில் டீக்கு இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒன்றே 2,000 வாட் குடிக்கும். சூடு வேண்டிய எல்லாவற்றுக்கும் கேஸ்தான்.

ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்குப் போகும் வயரை உருளையில் சுற்றி வைத்திருப்பீர்கள். பத்தடி தூரத்துக்குத்தானே என்று கொஞ்சம் மட்டும் இழுத்துவிட்டு மிச்சத்தைச் சுற்றினபடி விடாதீர்கள். சுற்றின வயரில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே உணவு வண்டிகளுக்கு வயரிங் செய்யும் வீடியோ ஒன்றை அனுப்பினான். 30 ஆம்ப், 50 ஆம்ப் பிளக் என்று அழகாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே அப்படியே செய்யச் சொல்லலாமா? — ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: அப்படியே செய்யச் சொல்லாதீர்கள் ஆச்சி. வீடியோவைப் பார்த்து வேலை செய்கிறவர் நிறத்தையும் அப்படியே எடுத்தால் ஆபத்து.

அங்கே வீட்டுக்கு இரண்டு ஃபேஸ் முனையும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், இரண்டு முனைக்கும் நடுவே 240. அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நமக்கு ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, அதிர்வெண் 50. அவர்களுடைய 30 ஆம்ப் வண்டி பிளக் 120 வோல்ட்டுக்கானது, 50 ஆம்ப் பிளக்கில் நாலு பின் இருக்கும். இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. ஆம்ப் எண்ணிக்கையைப் பார்த்தும் மலைக்க வேண்டாம். அவர்கள் 30 ஆம்ப்பில் எடுக்கும் 3,600 வாட்டை நாம் 16 ஆம்ப்பிலேயே எடுத்துவிடுவோம்.

நிறத்துக்கு வருகிறேன். அமெரிக்க வயரிங்கில் கறுப்பு என்றால் ஃபேஸ், வெள்ளைதான் நியூட்ரல். நம் நாட்டில் கறுப்புதான் நியூட்ரல், ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம். வீடியோவில் கறுப்பைச் சுவிட்சில் கொடுக்கிறார்கள் என்று இங்கேயும் கொடுத்தால் சுவிட்ச் நியூட்ரலை அறுக்கும், விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். மிக்சி, ஃபிரிட்ஜோடு வரும் வயரில் பிரவுன் ஃபேஸாகவும் நீலம் நியூட்ரலாகவும் இருக்கும், அதையும் சொல்லி வையுங்கள். பச்சையும், பச்சை-மஞ்சளும் மட்டும் எங்கே பார்த்தாலும் எர்த்.

ஆனால் ஒன்றை அந்த வீடியோவிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வண்டிக்குள் நியூட்ரல் கட்டையையும் எர்த் கட்டையையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள், பாருங்கள். காரணம் பள்ளத்தூர் அம்மாவுக்கு எழுதியதேதான். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அங்கிருந்து ஜெனரேட்டரோ மிக்சியோ வாங்கி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கல்யாண வீடுகளுக்குச் சமையல் வண்டி கொண்டுபோகிறோம். மழை வந்தால் ஜெனரேட்டரை வளவுக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறோம். நடுவில் வானம் திறந்துதானே இருக்கிறது, தப்பில்லையே? — ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: தப்பு. தயவு செய்து இனிமேல் செய்யாதீர்கள்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும்போது வேலைக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். வளவின் நடுவில் வானம் தெரிந்தாலும் சுற்றிலும் அறைகள். கதவைத் திறந்து போட்டுப் பிள்ளைகளும் வயதானவர்களும் படுத்திருப்பார்கள். புகை மேலே போவதற்கு முன்னால் நாலு பக்கத்து அறைக்குள்ளும் போய்விடும். முகப்புத் திண்ணையும் வேண்டாம், வண்டியின் முன்பக்கத் தகரப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். வீட்டிலிருந்தும் வண்டியிலிருந்தும் இருபதடிக்குக் குறையாமல் திறந்த வெளியில் வையுங்கள். புகைக்குழாய் ஆள் இல்லாத பக்கம், கதவு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

மழைக்கு என்ன செய்வது என்பீர்கள். நாலு காலில் ஒரு தகரக் கூரை போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். ஜெனரேட்டர் தரையில் நேராக நிற்காமல் செங்கல் மேலோ பலகை மேலோ உயர்ந்து நிற்கட்டும். வயர் இணைப்புகளும் தண்ணீர் தேங்காத உயரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். பந்தி நடுவில் விளக்கு அணையக் கூடாது என்று ஓடும்போதே ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். பந்தி தொடங்குவதற்கு முன்னாலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். மிச்ச பெட்ரோல் கேன் அடுப்புப் பக்கமே வரக் கூடாது.